வசுமதி வாங்கிய சாமான்கள்

மாதம் பிறந்து பன்னிரண்டாம் தேதி வாக்கில் வங்கியிலிருந்து அந்த உறை வரும். ஒன்பதாம் தேதியிலிருந்தே ஜம்புநாதனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. லேக் கார்டன்ஸில் அவர் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் வரிசையாக ஆறு தபால் பெட்டிகள். தன்னுடையதை ஒரு நாளைக்கு நாலு முறை இறங்கி வந்து திறந்து பார்ப்பார். கீழ் வீட்டு வங்காளி அம்மாள், அண்ணனைக் கூப்பிடும் அவர்கள் வழக்கப்படி, "என்ன தாதா, லாட்டரி வாங்கியிருக்கிறீர்களா?" என்று ஒருமுறை கேட்டே விட்டாள்.

கிரெடிட் கார்டு பில்லுக்காக இப்படி ஏங்கிக் காத்திருக்கும் மனிதரைக் கல்கத்தா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவரைப் பார்க்க முடியாது. ஊரார் அந்த உறையைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். இவரோ அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு மாடியேறுவார், காபி போட்டுக்கொள்வார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார், பிறகுதான் பிரிப்பார். முதல் பக்கம் அவருடைய கார்டு. அதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. இரண்டாம் பக்கத்தில் 'ஆட்-ஆன் கார்டு: வசுமதி' என்று ஒரு தலைப்பு. அவர் கணக்கிலேயே இன்னொருவர் பெயரில் வாங்கும் துணைக் கார்டு அது. அதற்குக் கீழே இரண்டு வரியோ மூன்று வரியோ இருக்கும். தேதி, கடையின் பெயர், ஊர், தொகை. பெற்ற மகளிடமிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த கடிதம் அவ்வளவுதான்.

அவர் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். க்ளெய்ம்ஸ் பிரிவு. அனுப்பிய சாமான் வந்து சேரவில்லை, பாதிதான் வந்தது, நனைந்து வந்தது என்று நஷ்டஈடு கேட்டு வரும் காகிதங்களில் எது நிஜம், எது புளுகு என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அசல் ரசீதுக்கும் போலி ரசீதுக்கும் மை வித்தியாசத்தை முகர்ந்தே சொல்லிவிடுவார் என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் மிகைதான் என்றாலும் அவர் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் மகள் விஷயத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. 2005 ஜனவரியில் வசுமதி ஒரே ஒரு பெட்டியோடு, சொல்லாமல் கொள்ளாமல் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். கல்யாணமாகி இரண்டு வருடம். அம்மா இருந்திருந்தால் அடுப்படியில் வைத்து ஏதாவது பேசியிருப்பாள். அந்த அம்மாள் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. ஜம்புநாதன் நேராக மாப்பிள்ளை நரேனுக்குப் போன் போட்டார். "சின்ன மனஸ்தாபம் மாமா, அனுப்பி வையுங்கோ" என்றான் நரேன், வெகு மரியாதையாக. மரியாதையாகப் பேசுகிறவனிடம் என்ன தப்பு இருக்க முடியும்? எட்டு நாள் பொறுத்தார். ஒன்பதாம் நாள் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் டிக்கெட் வாங்கிவிட்டார்.

ஹவுரா பிளாட்பாரத்தில் வசுமதி அழவில்லை, சண்டை போடவில்லை, ஜன்னலோரமாக உட்கார்ந்து எதிர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத்தான் ஏதோ செய்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெயரில் வாங்கி, பீரோவிலேயே கிடந்த ஆட்-ஆன் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் வழியே நீட்டினார்.

"ஆத்திர அவசரத்துக்கு வெச்சுக்கோம்மா. பில்லு எனக்குத்தான் வரும்" என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

கொடுப்பதற்கு முன்பே வீட்டில் அதன் நம்பர், தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் டைரியில் குறித்து வைத்திருந்தார். அனுப்புகிற எந்தச் சாமானானாலும் அடையாளங்களை முன்னும் பின்னும் எழுதி வைத்துக்கொள்வது க்ளெய்ம்ஸ்காரர்களின் பழக்கம். தொலைந்தால் தேட வேண்டுமே. மகளை அனுப்பியபோது கார்டின் அடையாளத்தைத்தான் இந்த மனிதர் எழுதி வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை நரேன் போன் செய்தான். வண்டி வந்துவிட்டது, வசுமதி வரவில்லை. இரண்டு நாள் ஜம்புநாதன் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஏதோ ஒரு பூத்திலிருந்து அவள் பேசினாள்.

"அப்பா, நான் பத்திரமா இருக்கேன். சென்னைக்குப் போகலை. நம்மாத்துக்கும் வரப்போறதில்லை. என்னைத் தேடாதே. தேடினா, நான் இருக்கேனா இல்லையான்னுகூட உனக்குத் தெரியாம போயிடும்."

இவர் "வசு" என்று சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பதினெட்டு மாதம் பில்லின் இரண்டாம் பக்கம் வெறுமையாகவே வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வெற்றிடத்தைப் பார்த்து, சாப்பிடுகிறாளா, யார் வீட்டில் இருக்கிறாள், காசு இருக்கிறதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். ஒரு சோப்பு வாங்கக் கூடாதா, ஒரு ஜோடிச் செருப்பு வாங்கக் கூடாதா என்று காகிதத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்பார். அவள் செலவு செய்ய வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதுபோல் எந்தத் தகப்பனும் வேண்டிக்கொண்டிருக்க மாட்டான்.

2006 ஆகஸ்டில் அந்த மெயில் வந்தது. பென்ஷன்காரர் சங்கத்துக்காக மெயில் பார்க்கக் கற்றுக்கொண்டு, வாரம் இரண்டு நாள் ஸ்டேஷன் பக்கத்து சைபர் கஃபேக்குப் போய்க்கொண்டிருந்தார். வங்கியின் முத்திரையோடு திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது: சரிபார்க்கப்படாத கார்டுகள், ஆட்-ஆன் கார்டுகள் உட்பட, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடக்கப்படும், தவிர்க்க வேண்டுமானால் கீழே உள்ள கட்டங்களை நிரப்பவும்.

 எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஜுரத்தோடு நின்று வசு கார்டை நீட்டுகிறாள், "இது செல்லாதும்மா" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று ஜம்புநாதனுக்குக் கண்முன்னே படமாக ஓடியது. மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடி, டைரியை எடுத்துக்கொண்டு திரும்பினார். அந்த மெயிலின் இங்கிலீஷில் இரண்டு பிழைகள் இருந்ததை அவர் கவனிக்கத்தான் செய்தார். க்ளெய்ம்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு பிழைகளை வைத்தே ஆளைக் கோர்ட்டுக்கு இழுத்திருப்பார். அன்றைக்கு அவர் தகப்பனாக உட்கார்ந்திருந்தார். வசுமதியின் கார்டு நம்பர், தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், எல்லாவற்றையும் ஒரு விரலால் நிதானமாகத் தட்டி அனுப்பினார். 'நன்றி' என்று பதில் வந்தது. நிம்மதியாக மூச்சுவிட்டு, போகிற வழியில் கால் கிலோ சந்தேஷ் மிட்டாய் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் பில்லின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

இன்டர்நெட்டில் பாட்டு சிடி விற்கும் ஒரு கடை. மும்பை. நூற்றுச் சொச்சம் ரூபாய். ஜம்புநாதன் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பாட்டுக் கேட்கிறாள்! பாட்டுக் கேட்கிற அளவுக்கு மனசு தெளிந்திருக்கிறது. ஒரு அறை இருக்கிறது, அதில் ஒரு டேப்போ பிளேயரோ இருக்கிறது, சாயங்காலம் வேலையிலிருந்து வந்து போட்டுக் கேட்கிறாள். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மனைவியின் படத்துக்கு முன்னால் போய், "கேட்டியா, உன் பொண்ணு பம்பாயில் இருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தார்.

மும்பை என்று எப்படி முடிவு கட்டினார்? சரக்கு ரசீதில் ஓர் ஊர் பெயர் அச்சாகியிருந்தால் அது சாமான் புக் ஆன ஸ்டேஷன். சாமான் எங்கே புக் ஆயிற்றோ அங்கேதான் அனுப்பியவன் நின்றிருப்பான். முப்பத்திரண்டு வருடம் அதை வைத்தே எத்தனையோ புளுகர்களைப் பிடித்தவர். அந்தக் கண்ணோடு இதையும் படித்தார். ஆகவே வசுமதி மும்பையில் இருக்கிறாள். அப்பீலே கிடையாது.

பிறகு மாதாமாதம் வந்தது. செல்போன் ரீசார்ஜ் வந்தபோது, பேசுவதற்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார். அந்த நாலு பேரில் தான் இல்லையே என்று உடனே டெலிபோனை எடுத்து, வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். ரயில் டிக்கெட் வாங்கிய வரி வந்தால் அவருக்குத் தீபாவளி. தொகையை வைத்துக்கொண்டு பழைய கட்டணப் புத்தகத்தைப் பிரிப்பார். ஸ்லீப்பர் என்றால் இத்தனை கிலோமீட்டர், மும்பையிலிருந்து இத்தனை கிலோமீட்டரில் என்னென்ன ஊர் என்று பென்சிலால் வளைத்துப் போடுவார். ஒருமுறை அகமதாபாத், ஒருமுறை நாக்பூர் என்று அவள் போய் வந்துகொண்டிருந்தாள். நாக்பூர் போனவள் கூடவே ஒரு ராத்திரி கண்ணை மூடிக்கொண்டால் ஹவுராவில் இறங்கலாமே என்று அன்றைக்குப் பூராவும் புலம்பித் தீர்த்தார். பேப்பரில் மும்பை மழை என்று போட்டிருந்தால் இங்கே இவருக்குச் சளி பிடிக்கும்.

2007 மார்ச்சில் குழந்தைத் துணிக் கடை ஒன்று வந்தது.

அவர் மூன்று முறை படித்தார். யாரோடு, எப்போது, நரேனோடு முறைப்படி ஒன்றும் தீரவில்லையே, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் பழைய ஜம்புநாதன் கேட்டிருப்பார். இவர் கேட்கவில்லை. யாரோ ஒரு நல்லவன், நம் குழந்தைக்கு நல்லது செய்திருக்கிறான், அவன் எந்த ஜாதியானால் எனக்கென்ன என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். பெண் குழந்தை என்றும் அவராகவே தீர்மானித்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க லேக்கைச் சுற்றி நடக்கும்போது தள்ளுவண்டியில் வரும் குழந்தைகளையெல்லாம் நின்று நின்று பார்த்தார். எடுத்துக் கொஞ்சுவதற்குக் கை துறுதுறுத்தது.

அந்தச் சமயத்தில்தான் லேக் மார்க்கெட்டில் ரஞ்சனாவைப் பார்த்தார். வசுமதியோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவள், லேக் கார்டன்ஸிலேயே இரண்டு தெரு தள்ளி வீடு. முருங்கைக்காய்க்காரனிடமிருந்து ஓடி வந்து வழிமறித்தாள்.

"மாமா, ஒரு நிமிஷம். வசு பத்தி உங்ககிட்ட..."

ஜம்புநாதன் கையை உயர்த்தினார். "எனக்கு எல்லாம் தெரியும்மா. சௌக்கியமா இருக்கா. அவளா கூப்பிடற வரைக்கும் நான் கிளறப்போறதில்லை."

"தெரியுமா?" என்று அவள் விழித்தாள்.

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவள் முகத்தில் இன்னும் என்னவோ சொல்ல இருந்தது அவருக்குத் தெரிந்தது. காகிதம் சொல்வதற்கு மாறாக எதையாவது சொல்லிவிடப் போகிறாளோ என்று பயம். கையில் இருக்கும் கொஞ்சத்தையும் யாராவது பிடுங்கிக்கொண்டுவிட்டால்?

நவம்பரில் வங்கியிலிருந்து போன் வந்தது. அலிப்பூர் கிளையில் கார்டு பிரிவில் இருக்கும் விவேக் என்பவன், பெயரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினான்.

"சார், உங்க ஆட்-ஆன் கார்டுல நேத்து ஒரே நாள்ல நாலு மொபைல், ஒரு லேப்டாப் வாங்கியிருக்காங்க. ஆன்லைன்ல. நீங்களா?"

"என் பொண்ணு வாங்கியிருப்பா. அதுக்குத்தானே கார்டு? பணம் நான் கட்டறேன்."

"சார், ப்ளீஸ், ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க."

விவேக்குக்கு முப்பது வயது இருக்கும். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ் நடுநடுவே வங்காளத்தில் தடுக்கி விழுந்து எழுந்து வந்தது. பெரியவருக்குத் தேநீர் வரவழைத்து வைத்துவிட்டு ஒரு காகிதத்தை முன்னால் தள்ளினான்.

"தேகுன் சார், இங்கே பாருங்க. சாமான் டெலிவரி போன அட்ரெஸ். நாலு ஊர், நாலு ஆள். ஒருத்தர்கூட லேடி இல்லை. இது உங்க பொண்ணு இல்லை சார்."

"யாருக்காவது பரிசா அனுப்பியிருப்பா. என் பொண்ணை நீங்க பார்த்திருக்கேளா?"

"பார்க்கலை சார். ஆனா இந்த மாதிரி நெறைய பார்த்திருக்கேன்." அவன் பழைய பில்களைப் புரட்டினான். "ஒன்றரை வருஷம் இந்தக் கார்டுல ஒண்ணுமே இல்லை. செப்டம்பர் 2006ல திடீர்னு ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது மெயில் வந்துதா? கார்டு டீடெயில்ஸ் கேட்டு?"

ஜம்புநாதன் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"வந்தது" என்றார்.

"குடுத்தீங்களா? பின்னாடி இருக்கற மூணு நம்பரும்?"

"முன்னும் பின்னும் குறிச்சு வெச்சிருந்தேன்."

விவேக் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே அவருக்குத் தாங்கவில்லை. வங்கி எந்தக் காலத்திலும் மெயிலில் அதைக் கேட்காது என்றான். கடையில் என்றால் கார்டைப் பார்ப்பார்கள், கையெழுத்தைப் பார்ப்பார்கள். இன்டர்நெட்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, நம்பர் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் கார்டுக்குச் சொந்தக்காரன் என்றான்.

"முதல்ல சின்னச் சின்னதா வாங்கிப் பார்ப்பாங்க சார். பாட்டு, ரீசார்ஜ் இந்த மாதிரி. யாராவது கேக்கறாங்களான்னு. கேக்கலைன்னா தைரியம் வந்துடும். உங்க கேஸ்ல பதினாலு மாசம் யாருமே கேக்கலை."

"மும்பைன்னு போட்டிருந்ததே" என்றார் ஜம்புநாதன்.

"அது கடையோட ஆபீஸ் இருக்கற ஊர் சார். வாங்கினவன் எங்கே வேணா இருக்கலாம்."

அந்த ஒரு வாக்கியத்தில் மும்பை போயிற்று. அறை போயிற்று, பாட்டுப் போயிற்று, அகமதாபாத்தும் நாக்பூரும் போயின. ஜம்புநாதன் காகிதத்தில் ஒரே ஒரு வரியைத் தேடி விரலை வைத்தார்.

"இது? குழந்தைத் துணி?"

விவேக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினான். "லூதியானா சார். ஒரு ஆள் பேர்ல போயிருக்கு."

"இதை மட்டும் விட்டுடுங்கோ" என்றார் ஜம்புநாதன். "இது அவளோடதா இருக்கட்டும். இதுக்கு நான் பணம் கட்டிட்டேனே. யாருக்கும் நஷ்டமில்லையே."

விவேக்குக்கு என்ன புரிந்ததோ, நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கமாக வந்து உட்கார்ந்தான். "விட முடியாது சார்" என்றான் மெதுவாக. பழைய தொகையெல்லாம் திரும்பி வராது, நாள் கடந்துவிட்டது. இந்த மாதத்துக்குத்தான் முயற்சி செய்யலாம். ஆனால் புகாரில் எல்லா வரியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நேராக 'இது நான் வாங்கியதல்ல' என்று கார்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். கார்டை வெட்டி உடன் வைக்க வேண்டும்.

"கார்டுக்காரர்னா..."

"உங்க டாட்டர், சார். அவங்கதான்."

வெளியே வந்து டிராமுக்கு நின்றபோதுதான் அந்த நினைப்பு அவரைத் தூக்கிவாரிப் போட்டது. பதினாலு மாதமாக அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு ஒரே சாட்சி அந்தக் காகிதம். அது திருடன் எழுதியது. அப்படியானால் வசு எங்கே? இருக்கிறாளா? டிராமை விட்டுவிட்டு டாக்ஸியில் ஏறினார். வாழ்நாளில் டாக்ஸி மீட்டரைப் பார்க்காமல் அவர் போனது அன்று ஒருநாள்தான்.

ரஞ்சனா கதவைத் திறந்ததும், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். "அன்னிக்குத் தெரியும்னு சொன்னது தப்பு. அவ இருக்காளா? அதை மட்டும் சொல்லு."

ரஞ்சனா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இருக்கா மாமா. நல்லா இருக்கா. கரக்பூர்ல ஒரு ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர்."

"கரக்பூரா?"

"கோரமண்டல்ல ஏத்தி விட்டேளே, முதல் ஸ்டாப்லேயே இறங்கிட்டா. அன்னியிலேர்ந்து அங்கேதான்."

கரக்பூர்! ஹவுராவிலிருந்து இரண்டு மணி நேரம்கூடக் கிடையாது. வேலையில் இருந்தபோது மாதம் இரண்டு தடவை இன்ஸ்பெக்‌ஷன் என்று போய் வந்த ஊர். பென்ஷன் பாஸில் சும்மாவே போய் வரலாம். அவர் மும்பை மழைக்குக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது இங்கே பெய்த அதே மழையில் அவள் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

"ஒவ்வொரு தடவையும் கேப்பா, அப்பா என்னைப் பத்தி ஏதாவது விசாரிச்சாரான்னு" என்றாள் ரஞ்சனா. "மார்க்கெட்ல நீங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டேன் மாமா. எல்லாம் தெரியும், கிளறப்போறதில்லைன்னு சொன்னார்னு. தெரிஞ்சும் வரலையான்னு ரொம்ப அழுதா. அதுக்கப்புறம் உங்களைப் பத்திக் கேக்கறதை விட்டுட்டா."

மறுநாள் காலை முதல் வண்டியில் அவர் போனார். ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு தெலுங்குக்காரர் வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை, வசுமதி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். கையில் இருந்த துண்டைக் கொடியில் போட்டு, கிளிப்பும் மாட்டிவிட்டுத்தான், "வா" என்றாள்.

உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, திருத்த வேண்டிய நோட்டுகள். ஜம்புநாதன் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, ஆபீசில் ரிப்போர்ட் கொடுப்பதுபோல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மெயில், டைரி, திருட்டு, கையெழுத்து. வேறு எந்தக் குரலில் சொன்னாலும் பாதியில் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். கார்டு அதனுடைய காகித உறைக்குள் அப்படியே இருந்தது.

"ஒரு தடவைகூடத் தேய்க்கலை" என்றாள். "மொத வருஷம் டைஃபாய்டு வந்தது. ஆஸ்பத்திரில காசு கட்டறதுக்குக் கையில எடுத்துட்டேன். தேய்ச்சா ஊர் பேர் உனக்கு வந்துடும், நீ வந்து மறுபடி ரயிலேத்திடுவேன்னு பயமா இருந்தது. உள்ளே வெச்சுட்டேன். இந்த வீட்டு மாமிதான் கட்டினா."

அவர் கார்டின் உறையை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

"அப்புறம் நீ வரணும்னு இருந்தது" என்றாள். "நீ வரலை."

மேஜை மேல் படிவத்தை விரித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "இதெல்லாம் நான் வாங்கினேன்னு நம்பிண்டிருந்தியா?"

"ஆமாம்."

"நாக்பூருக்கு எதுக்குப் போனேன்?"

"ஏதோ பரீட்சை எழுதன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பாட்டு சிடிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள், ரீசார்ஜுக்குப் போட்டாள், ரயில் டிக்கெட்டுகளுக்குப் போட்டாள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவருடைய மகள் ஒருத்தி மறைந்துகொண்டே வந்தாள். மார்ச் மாதத்து வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"இது?"

ஜம்புநாதன் ஜன்னலைப் பார்த்தார். "உனக்குக் குழந்தை பொறந்திருக்குன்னு நெனச்சேன்."

பின்கட்டில் யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணா, பையனா?" என்று வசுமதி கேட்டாள்.

"பொண்ணு."

"உனக்குக் கோபம் வரலையா?"

"இல்லை. யாரா இருந்தா என்ன, நீ சந்தோஷமா இருக்கேன்னு இருந்தது."

அவள் தலை குனிந்து அந்த வரியையே பார்த்தாள். பிறகு அதற்கும் கையெழுத்துப் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்துக் கார்டை இரண்டாக வெட்டி, துண்டுகளைப் படிவத்தின் மேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஊரெல்லாம் ஏமாத்தினா கண்டுபிடிப்பியே, எப்படிப்பா இதுல போய் மாட்டிண்டே?" என்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "காகிதத்தைப் பார்த்துப் பார்த்தே பொண்ணு எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்னு நெனச்சுட்டே. ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டா சொல்லமாட்டேனா?"

முப்பத்திரண்டு வருடம் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்ட மனிதர் மடியில் வைத்திருந்த கைகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நம்மாத்துக்கு வந்தியே" என்றார். "எதுக்கும்மா வந்தே? அங்கே உன்னை என்ன பண்ணினான்?"

வசுமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்ல நேரமாகும்ப்பா. உன் வண்டி போயிடும்."

"போகட்டும்."

அவள் அவர் நாற்காலிக்கு அருகே கட்டிலில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி சொல்லத் தொடங்கினாள். 'சின்ன மனஸ்தாபம்' என்று நரேன் சொன்னது எத்தனை பெரிய புளுகு என்று முதல் வாக்கியத்திலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.